பீச்சாங்கைச் சவரம்

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் என்னென்னவோ பெருமை பேசுகிறோம். ஒருத்திக்கு ஊறுகாய் நன்றாக வரும், ஒருத்திக்குக் கோலம். என் முறை வரும்போது நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு உருப்படியாக வருவது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போட்ட பழைய ரேசரால் ஓர் ஆம்பளையின் முகத்தைக் கீறல் விழாமல் சவரம் செய்வேன். சிரிக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் பழகியது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம் காரணம் இல்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஐம்பத்தைந்தும் தாண்டியாயிற்று, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

எண்பதுகளின் தொடக்கம். திருமுல்லைவாயிலில் கோயில் தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தட்டி கட்டிய குளியல் மறைப்பு. என் நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து இறங்கி அடிக்கும் மிஷின். தாத்தா காலத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். கால்சட்டை போட்டு, ஷூ போட்டு, சங்கு ஊதியதும் வேலைக்குப் போன முதல் ஆள் நைனாதான். அதனாலோ என்னவோ தினம் சவரம் செய்யாமல் வாசல் தாண்ட மாட்டார்.

அந்த ரேசரை இப்போது தேடினாலும் கிடைக்காது, வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. ஆனால் கை அதன் எடையை மறக்கவில்லை. பித்தளைப் பிடி, மேலே பூசியிருந்த வெள்ளிப் பளபளப்பு விரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து மஞ்சள் தெரியும். பிடியைத் திருகினால் தலை தனியாகக் கழன்று வரும், நடுவில் பிளேடை வைத்து மறுபடி திருக வேண்டும். விடிகாலையில் நைனா பின்கட்டுத் தூணில் கண்ணாடியை மாட்டி, டம்ளரில் வெந்நீர் வைத்துக்கொண்டு வழிப்பார். சரக்... சரக்... என்று அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். அலாரம் எல்லாம் எங்கள் வீட்டில் ஏது.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரஸ் மிஷின் அவர் வலது கை நாலு விரலையும் வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் தப்பியது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். தெருவில் மற்ற பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள், ஒவ்வொரு வெடிக்கும் நைனாவின் தோள் தூக்கிப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய இடது கை முழுசாக இருந்தது. ஒரு கீறல் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர். கழுவத்தான் அது. அந்தக் கையால் சோற்றைத் தொடக் கூடாது, விபூதி வாங்கக் கூடாது, யாருக்கும் எதையும் நீட்டக் கூடாது. முதல் நாளே நைனா இடது கையால் சோற்றைப் பிசையப் போனார். அம்மா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"ஐய, இன்னாய்யா பண்ற? அந்தக் கையாலயா துன்னுவ? நான் எதுக்குக் கீறேன்? வாயத் தொற."

பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. முப்பத்தெட்டு வயசு ஆள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அம்மா சோறு ஊட்டினாள், பொத்தான் போட்டாள், பீடி பற்ற வைத்துக்கூடக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன் என்று விட்டாள். சவரம். பொண்டாட்டி கை பிளேடு புருஷன் கழுத்துப் பக்கம் போனால் அவன் ஆயுசுக்கு ஆகாதாம், யார் சொன்னார்களோ. சலூனுக்குப் போகச் சொன்னால் நைனா போகவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கையைத்தான் பார்ப்பார்கள். சலூன்காரரை வீட்டுக்கு வரவழைக்கலாம் என்றால் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் வீடு தேடி வருவது சாவுக்குத்தானே, உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எப்படிக் கூப்பிடுவது என்றாள்.

தாடி வளர்ந்தது. நைனாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே டம்ளரில் வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். "நான் வழிக்கட்டா நைனா?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சோப்பு நுரை போட்டு, ரேசரை எடுத்தேன். எந்தக் கையில் எடுத்தேன் தெரியுமா? இடது கையில். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தக் கை முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டி வலது கையால் எழுத வைத்திருந்தார். வீட்டில் அம்மா. அதனால் அடுத்தவர் முன்னால் அந்தக் கையை மடக்கியே வைத்திருப்பேன். ஆனால் பிளேடைப் பிடித்ததும் பயத்தில் அதுதான் முன்னால் வந்தது.

"அடிப்பாவி, பீச்சாங்கையிலயா அப்பன் மூஞ்சியத் தொடுவ?" என்று அம்மா ஓடி வந்தாள்.

விபத்துக்குப் பிறகு நைனா முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "வுடுடி அவள. எது வருதோ அதுல செய்யட்டும்."

முதல் நாள் ரத்தக் களரி. நாலு இடத்தில் பேப்பர் துண்டு ஒட்டினோம். நைனா எதையும் சொல்லித் தரவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். நானாகத்தான் அவர் முகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அமுக்கினால் புருவம் சுருங்கும். அமுக்காமல் விட்டால் ரேசர் தன் எடைக்குத் தானே இறங்கும், புருவம் அசையாது. பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் கடிக்கும், படுக்க வைத்தால் முடியை விட்டுவிட்டு நுரையை மட்டும் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது, அது கிடைத்துவிட்டால் அந்தச் சரக் சத்தம் வரும். சத்தம் சரியாக இருந்தால் சவரம் சரி. மோவாய்க்குக் கீழே முடி பக்கவாட்டில் வளர்ந்திருக்கும், அங்கே தோலை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரக் கல். மூன்றாவது வாரத்தில் ஒரு பேப்பர் துண்டும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு நைனா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "யம்மாடி, சலூன்காரன் கெட்டான் போ!" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய கை அது. அந்தக் கையை ஒருத்தர் பாராட்டிவிட்டார். ஞாயிறும் புதனும் எங்கள் சவர நாட்களாகின, அவை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன்.

அதே சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் காதில் ஓதினாள்.

"யக்கா, அண்ணாத்தே கையில பிளேடு கிளேடு கெடைக்காம பாத்துக்க. மனசு ஒடிஞ்சி கீறாரு. ஆவடி பக்கம் ஒரு ஆளு, இப்டித்தான் கை போயி ஊட்ல குந்திகினு இருந்தாரு..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பிளேடுகள் டிரங்குப் பெட்டிக்குள் போயின, சாவி அம்மாவின் முந்தானைக்குப் போனது. சவர நாளில் ஒன்றை எடுத்து என்னிடம் தருவாள். தேய்ந்ததும் காகிதத்தில் சுற்றித் திருப்பித் தர வேண்டும்.

மார்கழி பிறந்த பிறகு நைனா மாறினார். நான் வழிக்கும்போது கண்ணை மூடுவதில்லை. கண்ணாடியில் என் கையையே பார்ப்பார். "மெதுவா போம்மா. அந்த மோவாகிட்ட எப்டித் திருப்பின, இன்னொரு தபா காட்டு" என்பார். நானும் பெரிய ஆள் மாதிரி காட்டினேன். பிறகு ஒரு நாள் ரயில்வே கேட்டில் பலூன்காரரிடம் பலூன் வாங்கி வரச் சொன்னார். கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு என்றார். "ஊதிக் கட்டிக் குடு, எனக்கு ஒத்தக் கையில கட்ட வராது" என்றார். அடுத்த சவர நாளில் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய பிளேடு இங்கியே கெடக்கட்டும். அம்மா கேட்டா சாக்கடையில போட்டுட்டேன்னு சொல்லிடு" என்றார். நான் அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டு வந்த ஒரு சாயங்காலம் ஓலைத் தட்டிச் சந்து வழியாகப் பார்த்தேன். அம்மா வீட்டில் இல்லை. நைனா பலூனை ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் சோப்பு நுரை பூசியிருந்தார். இடது கையில் ரேசர். நாக்கைக் கடித்துக்கொண்டு நுரையை வழித்துக்கொண்டிருந்தார். சலூனில் புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் அப்படித்தான் பழகுவார்களாம். அமுக்கினால் பலூன் வெடித்துவிடும். அவர் ரேசரைப் பிடித்திருந்த விதம் அப்படியே என் பிடி. கட்டைவிரல் வைத்த இடம்கூட என்னுடையது. பாதி நுரை போயிற்று, முக்கால் போயிற்று, பலூன் வெடிக்கவில்லை. நைனா தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம்!

ஒரு மகள் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே ஓடிப்போய்க் குதித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கே வந்துவிட்டால் நான் எதற்கு? ஞாயிறும் இல்லை, புதனும் இல்லை. என் கை மறுபடி மடக்கி வைக்க வேண்டிய கை. அப்படியே திரும்பி நடந்து கைப்பம்பில் போய்த் தண்ணீர் அடித்தேன். இதை எழுதும்போது கூடக் காது சுடுகிறது.

போகிக்கு முந்தின நாள் அம்மா வீட்டை ஒழித்தாள். பழசை எல்லாம் வாசலில் குவித்தாள். கட்டிலுக்கு அடியில் நைனாவின் தொழிற்சாலை ஷூ தூசி பிடித்துக் கிடந்தது. எடுத்துத் தட்டினாள். உள்ளேயிருந்து காகிதத்தில் சுற்றிய பிளேடு விழுந்தது.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிளேடை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது இன்னாய்யா?"

நைனா எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லடி. வழிச்சுப் பழகறேன். பொங்கல் தாண்டி கம்பெனில ஆபீசரப் பாக்கணும்ல? டூல் ரூம்ல சாமான் எடுத்துக் குடுத்து நோட்ல எழுத ஒரு எடம் காலி கீதாம். அந்தக் கையால இன்னா செய்வன்னு கேப்பாரு. சார், என் மூஞ்சிய நானே வழிச்சிகினு வந்தேன், பாருங்கன்னு சொல்லலாம்னு..."

"பழகறவன் ஷூவுக்குள்ள ஏன்யா ஒளிச்சி வெச்ச? என்னையும் இவளையும் நடுத்தெருவுல வுட்டுட்டுப் போவலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, உங்கிட்ட சொன்னா வுடுவியா நீ? சோத்தையே அந்தக் கையால தொட வுட மாட்டேங்கிற. நம்பலன்னா இவளக் கேளு. பலூன் ஊதிக் குடுத்ததே இவதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எவ்வளவு சின்ன வேலை அது. ஆமாம்மா, பலூனில் பழகுகிறார், நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. சாக்கடையில் போட்டேன் என்று நான் புளுகியது தெரிந்தால் அம்மா முதுகுத் தோலை உரித்துவிடுவாள் என்ற பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகிவிடும். பயத்துக்கு அடியில் அந்த வயிற்றெரிச்சல் இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. பலூன் பக்கத்து ஊட்டுப் பாப்பாவுக்குன்னு சொன்னாரு. பிளேடப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

நைனா என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை. தட்டிக்குப் பின்னால் வெடித்த பலூன் துண்டுகள் நுரை காய்ந்து கிடந்தன, இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். செய்யவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள். "சத்தியம் பண்ணு. இவ தலை மேல அடிச்சிச் சத்தியம் பண்ணு. இனி சாவற வரிக்கும் பிளேடத் தொட மாட்டேன்னு சொல்லு."

நைனா இடது கையைத் தூக்கினார்.

"சத்தியத்துக்கு அந்தக் கையா? சோத்தாங்கைய வெய்யி."

விரல் இல்லாத கை என் தலையில் வந்து உட்கார்ந்தது. கட்டுத் துணி, அதிலிருந்து மருந்து வாடை, உச்சியில் ஒற்றைக் கட்டைவிரல். "சத்தியமா தொட மாட்டேன்" என்றார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா அழுதுகொண்டே என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள், பாவம். தெருவில் பசங்கள் போகி மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பொங்கல் முடிந்து, நான் வழித்துவிட்ட முகத்தோடு நைனா கம்பெனிக்குப் போனார். கூடப் போன அவருடைய ஷிப்டு கூட்டாளி வந்து அம்மாவிடம் சொன்னார்.

"இன்னா அண்ணி இவன்! அந்தக் கையால இன்னாப்பா செய்வன்னு ஆபீசர் நல்லபடியாத்தான் கேட்டாரு. இவன் ஒண்ணும் வராது சார்னுட்டான். ஒரு எழுத்து எழுதிக் காட்டுன்றாரு, பேனாவத் தொடவே மாட்டேங்கறான். அப்புறம் அவரு இன்னாதான் பண்ணுவாரு?"

வேலை போயிற்று. அம்மா இட்லி சுட்டு விற்றாள், நான் பத்தாவதோடு நின்று துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனேன். அந்த வருத்தம்கூடப் பெரிசில்லை. நைனாவின் இடது கை மடியிலேயே கிடந்தது. எதையும் அதற்குப் பிறகு அவர் பழகவில்லை. அம்மா ஊட்டினாள், நான் வழித்தேன். கல்யாணம் ஆகி ஆவடிக்குப் போன பிறகும் ஞாயிறும் புதனும் ரயிலேறி வந்து வழித்தேன். "உங்கப்பனுக்கு நீ பொண்ணா சலூன்காரியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஊரே என்னைப் புகழ்ந்தது. மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் காதுபடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உச்சந்தலையில் அந்தக் கட்டைவிரல் அழுந்தும். இன்றைக்கும் தலை வாரும்போது அந்த இடத்தில் சீப்பை வேகமாக இழுத்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா போனாள். நைனாவை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஒரு ஞாயிறு காலை, வீட்டில் வேறு யாரும் இல்லை. பாதி முகம் வழித்தாயிற்று. திடீரென்று கை நின்றுவிட்டது. நுரைக் கையோடு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"நைனா, அன்னிக்கி நான் பொய் சொன்னேன். தட்டிச் சந்துல நின்னு எல்லாம் பாத்தேன். நீ பலூன்ல பழகினது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். சந்துல உன் பாவாடை தெரிஞ்சிது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? பலூன் துண்டக் காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா உன்னக் கொன்னுருப்பா. நீயே அன்னிக்கி நடுங்கிகினு நின்ன. பன்னண்டு வயசுப் புள்ளையப் பொய்க்காரின்னு நிக்க வெச்சித்தான் எனக்கு அந்த வேல கெடைக்கணுமா?" என்றார். "மூஞ்சிய வழிக்கறதுதான்மா கஷ்டம். அது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்னு நெனச்சேன். அதுவே போச்சி, அப்புறம் பேனாவத் தொடக்கூட மனசு வரல. சரி வுடு."

நான் எழுந்து ரேசரை அவர் இடது கையில் திணித்தேன். விரல்களை நானே மடக்கிவிட்டேன். "இப்போ வழி நைனா. என் தலை மேல பண்ண சத்தியம், நானே சொல்றேன், அது செல்லாது. அதெல்லாம் சும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் ரேசரைப் பார்த்தார். ஒரு விநாடி விரல்கள் தாமாக நகர்ந்து சரியான இடத்துக்குப் போயின, கட்டைவிரல் உட்பட. நான் பார்த்தேன். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"ஆவாதுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா நான் தொட்டு, நாளைக்கி உனக்கு ஒரு ஜுரம் வந்துச்சின்னா? உங்கம்மா தலை மேல பண்ணியிருந்தா அடுத்த நாளே மீறியிருப்பேன். இது உன் தலை. இந்தா, தண்ணி ஆறுது."

கண்ணை மூடிக்கொண்டு மிச்சக் கன்னத்தைக் காட்டினார். நான் ரேசரை வாங்கினேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. மோவாய்க்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். அமுக்கவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன்.